அட்டையில் இருப்பது அச்சுப்பிழை அல்ல

முதலில் அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாரும் உள்ளே ஒரு வரிகூடப் படிக்கப் போவதில்லை.

இந்த நினைவு மலரின் அட்டை மட்டும் மாதிரிக்கு அச்சகத்திலிருந்து வந்து, நெருங்கிய சில வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிட்டது. "பிள்ளை, செத்தது தகப்பனோ மகனோ? தகப்பன்ரை பேரைப் பெரிசாப் போட்டு, உவற்றை பேரைக் கீழை சின்னனாப் போட்டுக் கிடக்கு" என்றார் ஒருவர். "கீழை நோர்வே எழுத்திலை ஒரே பேரை மூண்டு விதமா அடிச்சு வைச்சிருக்கிறாங்கள், திருப்பி அனுப்புங்கோ" என்றார் இன்னொருவர். அடுத்தவர் ஒரு படி மேலே போனார். "நாப்பது வருசமா இந்த நாட்டிலை இருக்கிறியள், சொந்தப் பேரைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியேல்லையோ?"

அச்சகத்தாரை யாரும் ஏச வேண்டாம். அந்தப் பிள்ளைகள் "அக்கா, உறுதியாத்தான் சொல்லுறியளோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான்தான் பக்கத்தில் நின்று அப்படிப் போடுவித்தேன். ஏன் என்று அறிய விரும்புகிறவர்கள் மேலே படியுங்கள். பொறுமை இல்லாதவர்கள் மலரை மூடி வைத்துவிட்டு வடை சாப்பிடலாம், எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஊரில் இதைக் கல்வெட்டு என்பார்கள். முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்களின் கையில் கொடுப்பது வழக்கம். அண்ணாவின் கல்வெட்டு பிந்தி, ஆண்டுத் திவசத்தில்தான் உங்கள் கைக்கு வருகிறது. பிந்தியதற்கு எங்கள் சோம்பல் காரணமல்ல. எங்கள் அப்பாவின் பெயரை எந்த எழுத்தில் தொடங்குவது என்பதுதான் காரணம். நம்பமாட்டீர்கள், ஆனால் அதுதான் உண்மை.

அண்ணாவின் சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அவரைப் பெயர் சொன்னவள் அல்ல நான். இப்போது பழக வேண்டிய தேவையும் இல்லை.

அண்ணா பருத்தித்துறைக்குக் கிட்டிய ஒரு கிராமத்தில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு அடுத்தது சின்னண்ணா, கடைசி நான். அப்பா சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "சிற்றம்பலத்தாரிட்டைக் குடு" என்றால் ஊருக்கே விளங்கும். பெயர்ப்பலகை வைத்திருந்தால் அப்போதே ஒரு எழுத்துக்கூட்டல் முடிவாகியிருக்கும் என்று அண்ணா பின்னாளில் பகிடி விடுவார்.

எண்பதுகளில் அண்ணா நோர்வேக்குப் படிக்க வந்தார். வடக்கே ஒரு உறைவிடப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. வந்திறங்கிய அன்று அவரிடம் இரண்டு கட்டங்கள் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஒன்றில் முதற்பெயர், மற்றதில் குடும்பப்பெயர். எங்களிடம் குடும்பப்பெயர் எங்கே இருக்கிறது? அப்பாவின் பெயர் உண்டு, எங்கள் பெயர் உண்டு, அவ்வளவுதான். முதற்பெயர் என்றால் முதலில் வருகிற பெயர்தானே என்று அண்ணா நினைத்தார். எங்கள் ஊரில் முதலில் வருவது அப்பாவின் பெயர். அதை முதற்கட்டத்தில் எழுதினார். தன் பெயரை இரண்டாவது கட்டத்தில் எழுதினார். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் அதையே செய்திருக்கிறார்கள். ஒரு தமிழன் அந்தத் தாளை வேறு எப்படி நிரப்புவான் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த நாள் வகுப்பில் ஆசிரியர் வரவு இடாப்பைப் பார்த்து "சித்தம்பலம்" என்று கூப்பிட்டாராம். அண்ணா தன்னையறியாமல் திரும்பி வாசலைப் பார்த்தாராம், அப்பா வந்து நிற்கிறாரோ என்று. பிறகு விளங்கி, கையை உயர்த்தினார். அந்தக் கையை அவர் பிறகு இறக்கவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அண்ணா எழுதிய எழுத்துக்கூட்டல் எஸ்-இல் தொடங்கும். நடுவில் இரண்டு டி வரும். யாழ்ப்பாணத்தார் பொதுவாக அப்படித்தான் எழுதுவார்கள். அடுத்து வந்த சின்னண்ணாவிடம் கையில் ஒரு கடதாசியும் இருக்கவில்லை. எல்லையில் இருந்த அதிகாரி காதுக்குக் கேட்டதை எழுதினார். எங்கேயோ ஒரு ஓசை அவருக்குத் தங்கள் நாட்டு எழுத்தாகக் கேட்டிருக்கிறது. ஏ-யின் தலையில் வட்டம் போடுவார்களே, அந்த எழுத்தை நடுவில் போட்டுவிட்டார். "அப்பாவுக்கு நோர்வேக் குளிருக்குத் தொப்பி போட்டுட்டாங்கள்" என்று சிரித்தார் அண்ணா. சின்னண்ணா அந்தத் தொப்பியோடுதான் இன்றைக்கும் பேர்கன் நகரில் இருக்கிறார்.

நான் சென்னையிலிருந்து வந்தேன். அம்மாவும் நானும் அங்கே அகதியாக இருந்த காலம். என் கடவுச்சீட்டுப் படிவத்தை நிரப்பித் தந்தவர் எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்தவர். நல்ல மனிதர். எனக்குத் தெரிந்த மாதிரி நான் எஸ் போட, அவர் பேனாவை வாங்கி வெட்டினார். "இத இப்படி எழுதக்கூடாதும்மா. சி எச் போடணும். ற்ற வந்தா டி ஆர் போடணும். சிதம்பரத்துக்கு நீங்க எஸ்ஸா போடுவீங்க?" நாங்கள் போடுவோம்தான். ஆனால் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வீட்டுக்காரரோடு வாதாட முடியுமா? ஒரு அப்பாவுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் வந்தது இப்படித்தான். எங்களில் யாரும் களவு செய்யவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை.

அண்ணா படிப்பை முடித்து, வடக்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து, சின்னண்ணாவையும் அம்மாவையும் என்னையும் ஒவ்வொருவராக இங்கே கூப்பிட்டு எடுத்தார். தனக்கென்று ஒரு வாழ்க்கை அமைக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்கும் நம் சனம் சும்மா இருக்கவில்லை. அண்ணா ஏன் கலியாணம் கட்டவில்லை என்று என்னிடம் கேட்டவர்களில் சிலர், தாங்கள் இங்கே வந்திறங்கியபோது அண்ணாவின் அறையில்தான் படுத்தெழும்பினார்கள். வாய் கூசாதா என்று நினைப்பேன். இன்றைக்கும் அதைத்தான் நினைக்கிறேன்.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்து ட்ராம் ஓட்டுநரானார். ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான். டிப்போவில் எல்லாருக்கும் அவர் சித்தம்பலம். அவசரத்துக்குச் சித்தம். "சித்தம், உன் வண்டி வெளிக்கிடுது!" என்று முற்றத்துக்குக் குறுக்காகக் கத்துவார்கள். அங்கேதான் அவருக்கு ஆர்னே சிநேகிதரானார். ஆர்னேயும் ட்ராம் ஓட்டுநர். நோர்வேயின் மேற்குக் கரையில் பிறந்தவர், ஆனால் குடும்பப்பெயர் மக்காய். எந்தக் காலத்திலோ ஸ்கொட்லாந்திலிருந்து மரம் ஏற்ற வந்த கப்பலில் வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட ஒருவரின் வழி என்பார்.

ஆர்னேக்கு அந்தப் பெயரைத் தேடுவதுதான் பொழுதுபோக்கு. மக் என்றால் அவர்களின் பழைய மொழியில் மகன் என்று ஒருநாள் சொன்னாராம். அண்ணா துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "பிள்ளை, மக் எண்டா மகன்! எங்கடை மகன்தான், ஒரு 'ன்'தான் குறையுது. இவங்களுக்கும் எங்களைப் போல தகப்பன்ரை பேர்தான் பேர்!" யாருடைய மகன் என்று கேட்டேன். "ஈ எண்டு ஒருத்தற்றை மகன். உச்சரிப்பு கிட்டத்தட்ட அப்பிடித்தானாம். ஈ எண்டா நெருப்பாம்." அன்றிலிருந்து ஆர்னேயை எங்கள் வீட்டில் ஈயின் மகன் என்றே சொல்வோம். ஆர்னேக்கும் அது தெரியும், கோபிக்கமாட்டார்.

ஒஸ்லோவில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற குறொன்லாண்டில் சாமான் வாங்கப் போனால் அண்ணா வீடு திரும்ப நேரமாகும். புதிதாக வந்த ஆட்கள் கடை வாசலிலேயே படிவங்களோடு பிடித்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஒரே புத்திமதி. "முதல் கட்டத்திலை உன்ரை பேர். ரெண்டாவதிலை கொப்பற்றை பேர். பிள்ளையளுக்கும் அதே எழுத்துத்தான் போட வேணும். என்னை மாதிரி மாறி எழுதிப்போடாதை." ஊருக்கெல்லாம் இப்படிச் சொல்லிக் கொடுத்த மனிதர் தன் பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றலாம் என்று எனக்குத் தெரியவந்த நாளிலிருந்து நான் அவரை அரித்தெடுத்தேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"அப்பாவுக்கு நான் கொள்ளி வைக்கேல்லை. இஞ்சை ஒவ்வொரு நாளும் அவற்றை பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்கள். நான் ஓம் எண்டுறன். அதையும் விடச் சொல்லுறியோ?"

அதன் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை. அப்பா எப்படிப் போனார் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும், இளையவர்களுக்காகச் சொல்கிறேன். கடையை விட்டு வரமாட்டேன் என்று அவர் மட்டும் ஊரில் நின்றுவிட்டார். ஷெல் விழுந்தபோது அண்ணா நோர்வேயின் வடக்கில், சின்னண்ணா வழியில், அம்மாவும் நானும் சென்னையில். ஊரே ஓடிக்கொண்டிருந்தது. அயலவர்கள் யாரோ அவசரமாக எரித்துவிட்டு ஓடினார்கள். செய்தியே எங்களுக்குப் பல வாரம் கழித்துத்தான் வந்தது. ஒருவர் பக்கத்தில் இருந்து அழவில்லை, ஒருவர் போய் வா என்று சொல்லவில்லை. அந்தியேட்டி இல்லை, கல்வெட்டும் இல்லை.

சென்ற மாரிக் குளிரில் அண்ணாவுக்கு நெஞ்சுவருத்தம் வந்தது. மருத்துவமனையில் தாதி வெளியே வந்து, "சித்தம்பலத்தின் ஆட்கள் யார்?" என்று கேட்டபோது எழும்பிப் போனேன். அங்கே எங்களுக்கு ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. அண்ணா கட்டிலில் கிடந்தபடி என்னைக் கைகாட்டி, "என் தங்கை" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. அவருக்கு வாய் இருந்தவரைக்கும் நான் அவருடைய தங்கையாக இருந்தேன்.

கடைசி நாட்களில் ஒன்று கேட்டார். "என்னை ஒரு கல்லுக்குக் கீழை வைச்சுப்போடாதை. இஞ்சை கடலிலை கரைச்சு விடு. தண்ணி எல்லாம் ஒண்டுதான். போய்ச் சேரட்டும்." செய்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அமைதியாகத்தான் போனார்.

இனி நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வருகிறது.

சாம்பலைக் கடலில் கரைப்பதற்கு இங்கே அனுமதி வேண்டும். போனேன். எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன், கவுண்டரில் இருந்த பெண்ணையும் குறை சொல்லமாட்டேன். அவர் மரியாதையாகத்தான் கதைத்தார். மரியாதையாகக் கதைத்தே மனிதரைக் கொல்லலாம் என்று அன்றுதான் கண்டேன். இறந்தவருக்கு மனைவி பிள்ளைகள் இல்லை, பெற்றோரும் உயிரோடு இல்லை, அதனால் நான் சகோதரி என்பதற்குச் சான்று வேண்டும் என்றார். பிறப்புப் பத்திரங்களைக் கொடுத்தேன். தமிழில் இருக்கிறது, மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார். அண்ணாவினது எப்போதோ மொழிபெயர்த்தது இருந்தது. அதில் அப்பாவின் பெயர் எஸ்-இல் தொடங்கியது. என்னுடையதைப் புதிதாகக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். சி எச்-இல் தொடங்கினார்.

அந்தப் பெண் இரண்டையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இறந்தவரின் குடும்பப்பெயர் உங்களுடைய குடும்பப்பெயர் அல்ல. தந்தையின் பெயரும் இரண்டிலும் வேறு. இவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள்."

வெவ்வேறு ஆட்களாம்! சைக்கிள் கடை எண்ணெய்க் கையோடு என்னைத் தூக்கிச் சைக்கிள் முன்பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோன மனிதரை, ஒரு எஸ்ஸுக்காகவும் ஒரு சி எச்சுக்காகவும் இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். சின்னண்ணாவையும் பேர்கனிலிருந்து வரவழைத்தேன். அவருடைய பெயரில் இருந்த தலை வட்டத்தைப் பார்த்ததும் மூன்றாவது அப்பா ஒருவரும் வந்து சேர்ந்தார். நல்ல கூத்து!

முப்பத்தொன்றாம் நாள் வந்தது. அனுமதி கிடைக்காததால் சாம்பல் எங்கள் கையில் இல்லை. ஐயர் தர்ப்பையை வைத்துக் கிரியையைச் செய்தார். அந்த வீட்டில் எங்கள் முகம் எப்படி இருந்தது என்று வந்தவர்களுக்குத் தெரியும். அன்றுகூட ஒருவர் என் காதுக்குள் வந்து, "எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருந்தா இந்தக் கரைச்சல் வந்திராதே" என்றார். கண்டறியாத கதை. ஷெல்லடிக்குள்ளும் எல்லைக் கம்பிக்குள்ளாலும் ஓடி வந்த சனம், ஓடுகிற ஓட்டத்தில் ஒரு கூட்டம் கூடி, அப்பாவுக்கு எஸ்ஸா சி எச்சா என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டு ஓடியிருக்க வேண்டுமாக்கும்!

அதற்குப் பிறகு சில நாளில் ஆர்னே தொலைபேசி எடுத்தார். ஓய்வுபெற்றவர்களின் சங்கத்தில் தன் குடும்பப்பெயரைப் பற்றிப் பேசப் போவதாகவும், அண்ணா கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்ததாகவும், அவருடைய கதிரை வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்றும் சொன்னார். அந்தச் சொல்லுக்காகப் போனேன்.

சின்ன மண்டபம், கோப்பி, கேக். ஆர்னே திரையில் ஒவ்வொரு பெயராகப் போட்டார். ஸ்கொட்லாந்தில் மக்காய். அங்கேயே இன்னொரு பக்கம் மக்கீ. அயர்லாந்தில் மகீ, மக்கோய், மக்ஹியூ. எல்லாம் ஒரே பெயர்தான் என்றார். கோயில் குருவானவர் ஒரு மாதிரி எழுதினார், வரி வாங்க வந்தவர் இன்னொரு மாதிரி எழுதினார், கப்பல்காரர் வேறொரு மாதிரி எழுதினார் என்றார். பிறகு ஒரு படம். ஒரே மயானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கல். ஒரு தாய் வயிற்று அண்ணனும் தம்பியும். அண்ணனின் கல்லில் ஒரு எழுத்துக்கூட்டல், தம்பியின் கல்லில் இன்னொன்று. சனம் "ஆ" என்று வியந்தது. எவ்வளவு வளமான வரலாறு என்றார் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மணி, கண் கலங்கி.

என்னால் இருக்க முடியவில்லை. எழும்பிவிட்டேன். "அந்தத் தம்பி அண்ணனைப் புதைக்கப் போன நேரம், நீ தம்பிதான் என்று நிரூபி என்று யாராவது கேட்டார்களா?" என்று கேட்டேன். "உங்கள் பெயரை ஐந்து விதமாக எழுதினால் அது வரலாறு. எங்கள் பெயரை மூன்று விதமாக எழுதினால் அது சந்தேகம். இதோ இந்தக் கதிரைக்காரரின் சாம்பல் இன்னும் ஒரு அலுமாரிக்குள் இருக்கிறது. அவருடைய தங்கை இங்கே உங்கள் கேக்கைத் தின்றுகொண்டிருக்கிறேன்."

ஆர்னேயின் முகம் சிவந்துபோனது. அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. நான்தான் சொல்லாமல் இருந்தேன், எங்கள் வீட்டு அவமானத்தை ஏன் வெளியில் சொல்ல வேண்டும் என்று. கூட்டத்தைத் திரும்பிப் பாராமல் நேரே என்னிடம் வந்தார். "நானும் பல வருடமாக இந்த எழுத்துக்கூட்டல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. பிறகுதான் அவர்களுடைய சொந்த மொழியில் எப்படி எழுதினார்கள் என்று பார்த்தேன். அங்கே ஒரே பெயர்தான் இருந்தது. உன்னுடையதை உன் மொழியில் யாராவது பார்த்தார்களா?" என்றார்.

பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பு வந்த நிமிடமே தமிழ்த் தாளைப் பின்னால் வைத்துவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன், அவர்களுக்குத் தமிழ் தெரியாதே என்று.

அடுத்த நாள் போனேன். ஆர்னே தானும் வரட்டா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். என் அப்பாவுக்கு நான் போதும். அதே கவுண்டர், அதே பெண். முதலில் அவருடைய பெயரைக் கேட்டேன். "கிறிஸ்தியான்சன்" என்றவர், கேட்காமலே, "கே போட்டு எழுதும் கிறிஸ்தியான்சன்" என்று சேர்த்துக்கொண்டார். இந்த நாட்டில் எல்லாருக்கும் அது பழக்கம்.

"உங்கள் சித்தப்பா சி எச் போட்டு எழுதினால் அவர் உங்கள் சித்தப்பா இல்லையா?"

நான், பின்னாளில் ஊரிலிருந்து எடுப்பித்த சின்னண்ணாவினதோடு மூன்று பிறப்புப் பத்திரங்களையும் எடுத்து, தமிழ்த் தாள்களை மட்டும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கவுண்டர் மேசையில் விரித்தேன். மற்ற வரிகளைக் கையால் மறைத்தேன்.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்றார்.

"வாசிக்க வேண்டாம். பாருங்கள்."

பார்த்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். மூன்று பதிவாளர்களின் கையெழுத்து, ஒன்று சாய்ந்தது, ஒன்று கொழுத்தது, ஒன்று நடுங்கியது. அந்தப் பெண் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். "இங்கே கொக்கி. பிறகு நடுவில் இந்தப் பெரிய வளைவு இரண்டு, முதலாவதன் தலையில் புள்ளி. இங்கேயும் அப்படியே. கடைசியிலும் ஒரு புள்ளி." மூன்றாவது தாளில் விரல் கடைசிப் புள்ளிக்கு வந்து நின்றது. "இது ஒரே சொல்" என்றார். சின்னப் பிள்ளை முதல்முதல் எழுத்துக் கூட்டுவது போல இருந்தது. சி, ற், ற, ம், ப, ல, ம் என்று நான் அவருடைய விரலுக்கு மேலே சொல்லிக் கொடுத்தேன். என்னை மீறி அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்ததுதான், ஆனால் அழுகை அழுகைதானே.

உள்ளே போய் யாரோ மேலதிகாரியோடு கதைத்துவிட்டு வந்தார். மொழிபெயர்ப்பு உதவிக்குத்தான், மூலப் பத்திரம்தான் சான்று என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "ஆம், சொல்லியிருக்கலாம்" என்றார். அதற்காக அவரை மன்னித்தேன். அலுவலகத்தை மன்னிக்கவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டிய இடம். அண்ணாவைப் பக்கத்தில் இருந்து பார்த்த தாதிமார்களுக்கும் மருத்துவர்களுக்கும், சாம்பல் இல்லாத வீட்டிலும் குறைவில்லாமல் கிரியை செய்து தந்த ஐயருக்கும், செத்தவீட்டுத் துடக்கு நாட்களில் வேலைக்கும் போய்க்கொண்டு எங்களுக்குச் சமைத்தும் தந்த அயலவர்களுக்கும், பேர்கனிலிருந்து மூன்று பிள்ளைகளோடு திரும்பத் திரும்ப வந்துபோன சின்னண்ணா குடும்பத்துக்கும், அட்டையை நான் சொன்னபடியே அடித்துத் தந்த அச்சகப் பிள்ளைகளுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. தொலைபேசி எடுத்துப் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்களும் அண்ணாவின் கையால் தேத்தண்ணி குடித்தவர்கள். அதனால் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

ஒரு நன்றியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அது ஆர்னேக்கு. அதற்குக் காரணம் அவருடைய ஆராய்ச்சி அல்ல.

பனி கரைந்த பிறகு, ஒரு காலையில் சின்னப் படகொன்றில் கடலுக்குப் போனோம். சின்னண்ணா, நான், ஐயர், டிப்போவில் அண்ணாவோடு வேலை செய்த நாலைந்து பேர், ஆர்னே. கரை மறையவில்லை, ட்ராம் போகிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி எனக்கு இருந்தது. ஐயர் மந்திரம் சொல்லி முடித்தார். சின்னண்ணா குனிந்து சாம்பலைத் தண்ணீரில் விட்டார். நான் பூப் போட்டேன்.

அப்போது ஆர்னே தொப்பியைக் கழற்றிக்கொண்டு படகின் விளிம்புக்கு வந்தார். அவர்கள் அழுது புலம்புகிற சனம் இல்லை. டிப்போ முற்றத்தில் கூப்பிடுகிற அதே குரலில், தண்ணீரைப் பார்த்து, "ஹா தே, சித்தம்பலம்" என்றார். போய் வா, சிற்றம்பலம். சுருக்காமல் முழுப் பெயரையும் சொன்னார். பின்னால் நின்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். போய் வா, சிற்றம்பலம். போய் வா, சிற்றம்பலம்.

சின்னண்ணா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருடைய கை இன்னும் ஈரமாக இருந்தது.

"பிள்ளை" என்றார், "அப்பாவுக்கும் சொல்லியாச்சு."

ஆகவே அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது அச்சுப்பிழை அல்ல. கீழே இருக்கிற மூன்று எழுத்துக்கூட்டலும் அவருடைய மூன்று பிள்ளைகள். எங்கள் அப்பாவுக்கு ஒரு கல்வெட்டு இல்லாமல் இருந்தது. இதுதான் அது.